நாட்காட்டி வசனமும் நாம் வாழும் நகரமும்

தமிழ்க் கிறிஸ்தவர் இல்லத்துள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது சுவரில் தொங்கும் வசன அட்டையே. மாட்டுங்காவின் பழைய மாடிக் குடியிருப்பாயினும் சரி, தாராவியின் பத்தடி அறையாயினும் சரி, செம்பூரின் புதிய அடுக்கு வீடாயினும் சரி, இவ்வழக்கம் மாறுவதில்லை. ஆண்டின் கடைசி இரவில் ஆராதனை முடிந்ததும், ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து வருகிறோம். அதிலுள்ள வசனத்தை அவ்வாண்டு முழுமைக்கும் ஆண்டவர் தமக்கென்றே உரைத்த சொல்லாகப் போற்றுகிறோம்.

அவ்வாறு போற்றப்படும் வசனங்களுள் மிகுதியும் விரும்பப்படுவனவற்றில் ஒன்று, எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 29ஆம் அதிகாரத்து 11ஆம் வசனம். தம் மக்களைக் குறித்து ஆண்டவர் கொண்டுள்ள எண்ணம் நல்லெண்ணமே என்பதும், அவர்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை அவர் தருவார் என்பதும் அதன் கருத்து. மகனின் தேர்வு நாளிலும், மகளின் திருமணப் பேச்சு நடக்கும்போதும், மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் வேளையிலும் இவ்வசனத்தைச் சொல்லி ஆறுதல் பெற்றவர் நம்முள் எத்தனையோ பேர். அந்த ஆறுதலைக் குறைத்துக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அவ்வசனம் தனித்து நிற்பதன்று. நீண்ட கடிதமொன்றின் நடுவே வரும் ஒரு வரி அது. அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, என்ன வேண்டி எழுதப்பட்டது என்று அறிந்தால், சுவரில் தொங்கும் அட்டை நம்மைப் பார்த்து வேறொரு கேள்வியும் கேட்கும்.

நம் ஏட்டைப் படிப்போருள் பல சமயத்தாரும் உளர். அவர்களும் இச்சிந்தனையில் கலந்துகொள்ளலாம். ஏனெனில் அக்கடிதம் சொந்த ஊரை விட்டு வேற்று நகரில் குடியேறி வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்டதாகும். அவ்வகையில் அது நம் அனைவருடைய முகவரிக்கும் வந்த கடிதமே.

கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் அரசனாகிய எகொனியாவையும் அவன் தாயையும் அரண்மனை அதிகாரிகளையும் சிறைப்படுத்திக் கொண்டுபோனான். அவர்களோடு தச்சரும் கொல்லரும் சென்றனர் என்று திருமறை தனித்துக் குறிப்பிடுகின்றது. கைத்தொழில் அறிந்தவர்களுக்கு எந்தப் பெருநகரிலும் தேவை உண்டு என்பதை அப்பேரரசன் அறிந்திருந்தான். நாம் விரும்பி வந்தவர்கள். அவர்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எனினும், வேற்றுமொழி பேசும் பெருநகரில் உழைத்துப் பிழைக்க வேண்டிய நிலை இருவர்க்கும் பொதுவே.

அம்மக்களின் உள்ளத்தில் ஒரே கேள்வி இருந்தது: ஊர் திரும்புவது எப்போது? அக்கேள்விக்கு இனிப்பான விடை கூறிய ஒருவனும் இருந்தான். அனனியா என்பது அவன் பெயர். இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், அனைவரும் வீடு திரும்புவர் என்று அவன் ஆலயத்தில் நின்று முழங்கினான். எரேமியா அடையாளமாகத் தம் கழுத்தில் அணிந்திருந்த மரநுகத்தை எல்லார் முன்னிலையிலும் உடைத்தும் காட்டினான். கேட்டவர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

எரேமியாவின் கடிதமோ அந்த மகிழ்ச்சியைத் தரவில்லை. எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அது அறிவித்தது. எழுபது ஆண்டு என்றால், கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்கள் எவரும் ஊர் திரும்பப் போவதில்லை என்பது பொருள். அவர்கள் அந்நகரிலேயே மூப்படைந்து அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்படுவர்; பேரப் பிள்ளைகளே திரும்பிச் செல்வர். ஆகவே வீடு கட்டிக் குடியிருக்குமாறும், தோட்டம் வைத்து அதன் கனியை உண்ணுமாறும், பெண் கொண்டு பெண் கொடுத்துப் பெருகுமாறும் கடிதம் பணித்தது. அத்துடன் நில்லாமல், தங்களைச் சிறைகொண்டு வந்த அந்த நகரத்தின் நலத்தையே நாடி, அதற்காகக் கடவுளை வேண்டுமாறும் கூறிற்று. அந்நகர் நலமாயிருந்தால்தான் நீங்களும் நலமாயிருப்பீர்கள் என்று காரணமும் காட்டிற்று. இது அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம். நாம் நாட்காட்டியில் தொங்கவிடும் வசனத்திற்கும் இதற்கும் இடையே உள்ளவை மூன்றே வசனங்கள்.

அக்கடிதத்தைப் பெற்றவர் அனைவரும் அதனை வரவேற்கவில்லை. செமாயா என்பவன், நெடுங்காலம் ஆகும் என்று எழுதிய இவனை ஏன் தண்டிக்கவில்லை என்று எருசலேமிலிருந்த ஆசாரியனுக்குப் பாபிலோனிலிருந்து முறையீட்டுக் கடிதம் அனுப்பினான். உண்மை கசந்தது, இரண்டாண்டுக் கணக்கு இனித்தது.

நம் வாழ்விலும் அனனியாவின் குரல் ஓய்ந்துவிடவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இந்நகரில் கடை நடத்தும் ஒருவரை, "அண்ணாச்சி, ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் இரண்டே வருடந்தான் தம்பி, பையன் படிப்பு முடியட்டும்" என்பார். பையன் படிப்பு முடிந்தபின் கேட்டால், பெண்ணின் திருமணத்தைக் காட்டுவார். ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸுக்கோ அசன விருந்துக்கோ சென்று ஒட்டடை அடித்து வருவார். இங்கே வாழும் வீட்டிலோ சுவருக்கு வெள்ளையடிப்பதும் வீண்செலவாகத் தோன்றும். பக்கத்து அறையில் இருபது ஆண்டாக வசிக்கும் மராத்தியக் குடும்பத்தின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதும் தெரியாது. போகப் போகிற நமக்கு அது எதற்கு என்னும் எண்ணம் உள்ளத்தின் ஆழத்தில் உறங்கிக் கிடக்கின்றது.

ஊர்ப்பற்று குற்றமன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதும், ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் காணிக்கை அனுப்புவதும் நன்றே. ஆனால் 'இன்னும் இரண்டாண்டு' என்று கூறிக்கொண்டே முப்பதாண்டுகளைக் கடத்துபவர், அந்த முப்பது ஆண்டுகளில் எங்குமே வாழாதவராகிறார். ஊரிலும் அவர் இல்லை. இங்கும் அவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் தகப்பன் காத்திருப்பதைக் கண்டு வளர்கிறார்கள். வாழ்வதைக் கண்டு வளர்வதில்லை. இது சிறிய இழப்பன்று.

நகரின் நலமே நம் நலம் என்னும் காரணத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இது வெறும் அறவுரையன்று. இந்நகரின் வரலாறே அதற்குச் சான்று. 1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. நெரிசலான குடியிருப்புகளில் ஏழைகளிடையே பரவிய நோய் நகரம் முழுவதையும் நடுங்கச் செய்தது; வணிகம் முடங்கியது; மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களோடு அது வகுத்த திட்டங்களின் வழியே பின்னர் எழுந்தவையே தாதரும் மாட்டுங்காவும். நாம் இன்று மரநிழலில் நடந்து செல்லும் மாட்டுங்காத் தெருக்கள், அயலானின் நோயை அயலானுடையது என்று விட்டுவிட முடியாது என்று இந்நகரம் கற்ற பாடத்தின் பயனாகும்.

அதே பாடத்தை 2020இல் மீண்டும் கற்றோம். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று தாராவியில் கொரோனா நோய் முதலில் கண்டறியப்பட்டபோது, அங்கே அது அடங்காது பரவும் என்றே பலர் அஞ்சினர். எத்தனையோ குடும்பங்கள் ஒரே பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்தும் இடத்தில் விலகியிருத்தல் எங்ஙனம் இயலும்? மாநகராட்சிப் பணியாளரும், அப்பகுதியிலேயே மருத்துவம் பார்க்கும் டாக்டர்களும், தெருத்தெருவாக உழைத்த தொண்டர்களும் வீடுவீடாகச் சென்று சோதித்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். பொதுக் கழிப்பிடத்தின் கதவைத் திறக்கும் கை தமிழனுடையதா, குஜராத்தியனுடையதா, பிகாரியுடையதா என்று நோய் கேட்கவில்லை. நோயில் நாம் ஒரே உடலாக இருக்கிறோம் எனின், நலத்திலும் அவ்வாறே இருத்தல் வேண்டும் அன்றோ?

இங்கே ஒரு தடை எழும். நம்மை வேண்டாதவரின் நலத்தையுமா நாட வேண்டும்? இக்கேள்வி வீணானதன்று. 1966இல் சிவசேனை தோன்றிய காலத்தில், தென்னிந்தியர் இந்நகரத்தாரின் வேலையைப் பறித்துக்கொண்டனர் என்ற முழக்கம் எழுந்தது. நம் உடையையும் உணவையும் பேச்சையும் எள்ளி நகையாடும் சொற்கள் தெருவில் கேட்டன. அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியரின் உணவு விடுதிகள் தாக்குதலுக்கும் உள்ளாயின. அந்நாட்களை நேரில் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுடைய மனப்புண்ணை எவரும் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

பாபிலோனில் வாழ்ந்தோர்க்கும் அப்புண் இருந்தது. சங்கீதப் புத்தகத்தின் 137ஆம் சங்கீதத்தைப் படித்தவர் அதனை அறிவர். சிறைகொண்டு வந்தவர்கள் உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேலியாகக் கேட்க, ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத மக்களின் புலம்பல் அது. அதன் இறுதியில் பகைவரின் குழந்தைகளும் அழிய வேண்டும் என்னும் அளவிற்குச் சினம் பொங்கி வழிகின்றது. திருமறை அச்சினத்தை மறைக்கவில்லை. கண்ணீரைத் தடுக்கவும் இல்லை. ஆனால் அதே மக்களுக்கு வந்த கடிதத்தில் இருந்த கட்டளை வேறு. புலம்பல் மனிதன் கடவுளிடம் கூறியது. கடிதம் கடவுள் மனிதனுக்குக் கூறியது. புண்பட்டவன் அழலாம்; ஆனால் அப்புண்ணைக் கொண்டே தன் வாழ்வுக்கு வழி வகுத்தலாகாது. பகைவர்க்காக மன்றாடுமாறு நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கற்பித்ததும் இவ்வழியிலேயே நிற்கின்றது.

இதற்கு எதிர்ப்புறமாக நிகழ்ந்த ஒரு வரலாறும் உண்டு. மராத்தி மண்ணில் வாழும் தமிழர் நாம். தமிழ் மண்ணில் வாழ்ந்த மராத்தியப் பெண்ணொருத்தி, நம்மில் பலருடைய சொந்த ஊர்ப்புறத்திலேயே இக்கடிதத்தின் பொருளை வாழ்ந்து காட்டினாள். தஞ்சையில் மராத்தி அந்தணக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கணவனை இழந்து, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரால் பாளையங்கோட்டைக்கு அழைத்துவரப்பட்ட கிளாரிந்தா அம்மையாரே அவர். பிறந்த ஊரில் அவருக்கு இடமில்லை. வந்த ஊரில் உற்றார் இல்லை. அவ்வதிகாரியின் மறைவுக்குப் பின், 1778இல் சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் நாற்பது பேர் உளர்; முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்சு ஐயரே வந்து பிரதிட்டை செய்தார். ஊரார் அதனைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைத்தனர். தண்ணீருக்கு அவர் வெட்டுவித்த கிணறும் பாப்பாத்தி அம்மாள் கிணறு எனப் பெயர் பெற்றது.

அக்கிணற்றை எண்ணிப் பாருங்கள். தம்மை ஒதுக்கிய உலகத்தின்மீது சினங்கொண்டு கதவடைத்திருக்க அவருக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவர் செய்தது கிணறு வெட்டியது. கிணற்றுநீர் சாதி கேட்காது, மொழி கேட்காது. அவருடைய பெயரை ஊரார் தம் பேச்சு வழக்கிலேயே வைத்துக்கொண்டதைவிட, அவர் அவ்வூரார் ஆகிவிட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நெல்லைத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அம்மராத்தியப் பெண்ணின் பெயரில்தான் தொடங்குகின்றனர். அவரை நம் அன்னையாக ஏற்ற நாம், அவர் தாய்மொழி பேசும் மக்களிடையே அயலாராகவே வாழ்ந்து முடிப்பது பொருந்துமா?

எரேமியாவின் கடிதத்தைப் பெற்றவர்கள் பின்னர் என்ன செய்தனர் என்பதையும் வரலாறு ஓரளவு காட்டுகின்றது. பாபிலோனிய நாட்டில் கிடைத்த களிமண் ஏடுகள் சில, 'யூதா ஊர்' என்னும் பெயருடைய குடியிருப்பு ஒன்றைக் குறிப்பிடுகின்றன. கி.மு. 572 தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த இவ்வேடுகள் 2014இல் நூலாக வெளிவந்தன. குத்தகைக்கு நிலம் எடுத்ததும், வரி கட்டியதும், கடன் கொடுத்து வாங்கியதும் அவற்றில் உள்ளன. தம் நாட்டின் பெயரைக் குடியேறிய இடத்திற்கு இட்டனர். அங்கேயே உழுது விதைத்தும் வாழ்ந்தனர். பின்னர் கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றி, திரும்ப விரும்புவோர்க்கு விடை கொடுத்தான். திரும்பியவர்களுக்குத் தலைவராய்ச் சென்று ஆலயத்திற்கு அடித்தளம் இட்டவர் செருபாபேல். அப்பெயருக்குப் பாபிலோனின் வித்து என்பது பொருள். குடியேறிய நகரின் பெயரைத் தாங்கியவரே தாய்நாட்டின் ஆலயத்தைக் கட்டினார். ஒன்றில் வேரூன்றியவர் மற்றொன்றை இழந்துவிடுவார் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

எல்லாரும் திரும்பவில்லை. அங்கேயே தங்கியோர் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டில் வாழ்ந்தனர். அம்மரபில் வந்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் பாக்தாது யூதருள் ஒருவரான டேவிட் சசூன், 1830களில் நம் பம்பாய்க்கு வந்து வணிகம் தொடங்கினார். அவர் குடும்பத்தின் வணிகத்தில் அபினியும் இருந்தது; அதனைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் காலா கோடாவில் 1870இல் எழுந்த டேவிட் சசூன் நூலகமும், கொலாபாவில் 1875இல் திறக்கப்பட்ட சசூன் கப்பல்துறையும் அக்குடும்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. விடியற்காலையில் அத்துறையில் மீன் வாங்க நிற்பவர்க்கும், அந்நூலகத்தில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கும் எரேமியாவின் கடிதம் நினைவில் இராது. ஆனால் வந்த நகரில் கட்டுங்கள் என்ற அச்சொல்லின் ஓர் எதிரொலி அங்கே நிற்கின்றது.

நம் முன்னோரும் இதில் பின்தங்கியவரல்லர். 1932இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று எம்மொழிப் பிள்ளைகளும் படிக்கின்றனர். 1963இல் எழுந்த சண்முகானந்த அரங்கம் 1990இல் தீக்கிரையாயிற்று. 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. இந்நகரின் இசைக்கே அது இன்று ஒரு வீடு. நமக்கெனத் தொடங்கிய ஒன்று நகருக்கெனப் பயன்படும்போதே அது முழுமை பெறுகின்றது.

நிறுவனங்கள் எழுப்புவது எல்லார்க்கும் இயலாது. அன்றாட வாழ்வில் இவ்வசனத்தைக் கைக்கொள்வது எவ்வாறு என்று கேட்கலாம். நான்கு செயல்களை மட்டும் இங்குக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, குடும்ப ஜெபம். இரவில் நாம் ஏறெடுக்கும் விண்ணப்பங்களைக் கவனித்துக் கேட்போமாயின், அவை பெரும்பாலும் நம் வீட்டையும் நம் உறவினரையும் நம் சபையையும் சுற்றியே நிற்பது விளங்கும். லோக்கல் வண்டியை ஓட்டுபவர்க்காகவும், மழைக்காலத்தில் சாக்கடையைத் தூய்மை செய்பவர்க்காகவும், தெருமுனைக் காவலர்க்காகவும் ஒரு வாக்கியமேனும் கூறுகிறோமா? நாள்தோறும் ஒருவர்க்காக வேண்டிக்கொள்பவன் அவரை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான். நகரத்துக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளையின் முதற்பயன் ஜெபிப்பவனின் உள்ளத்திலேயே விளைகின்றது.

இரண்டாவது, கூலி. உழைப்பவன் உன் இனத்தவனாயினும் அயலானாயினும், பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடு என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தால், அந்நாட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோமா? நாம் ஊருக்குச் சென்றிருக்கும் மாதத்தில் அவர் அடுப்பெரிய என்ன செய்வார் என்று எண்ணினோமா? நகரின் நலம் என்பது அந்த வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குகின்றது.

மூன்றாவது, மொழி. மராத்தியைக் கற்பது தமிழுக்குச் செய்யும் துரோகமன்று. விண்ணப்பம் எழுதவும் பேருந்தின் பெயர்ப்பலகை படிக்கவும் மட்டுமன்றி, பக்கத்து வீட்டு முதிய அம்மையாரின் துயரத்தை அவர் மொழியிலேயே கேட்பதற்காகவும் அதனைக் கற்க வேண்டும். ஆறுதலைப் பிறமொழியில் பெறுவது கடினம் என்பதைப் புலம்பெயர்ந்த நம்மைவிட அறிந்தவர் யார்?

நான்காவது, வீடு. வீடு கட்டிக் குடியிருங்கள் என்னும் சொல் தாராவியில் வாழ்வோர் காதில் எளிதாக விழாது. மறுசீரமைப்புத் திட்டத்தின் ஒப்பந்தம் 2022இல் முடிவானது முதல், எந்த வீடு நிற்கும், எவர்க்கு எங்கே இடம் கிடைக்கும் என்ற கவலை அங்கே தெருத்தோறும் உள்ளது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது, பெட்டியின் அடியில் பழைய ரேஷன் அட்டையையும் மின்கட்டண ரசீதையும் தேடாத குடும்பம் இல்லை. எழுதப் படிக்க அறியாதவர், ஆவணம் மழைநீரில் அழிந்துபோனவர், மாடியறையில் குடியிருப்பவர் ஆகியோரின் கலக்கம் சொல்லில் அடங்காது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அன்பர் எத்தனை பேர் நம்முள் உளர்! படிவம் நிரப்புவதும் மனு எழுதுவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். மேசைக்கு முன் வந்து அமர்பவர் நெல்லைக்காரரா, சோலாப்பூர்க்காரரா என்று கேட்க வேண்டாம். இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கட்டளையை இதைவிடத் தெளிவாக நிறைவேற்றும் வழி எனக்குத் தோன்றவில்லை.

இவையெல்லாம் செய்தால் ஊரை மறந்துவிடுவோமோ என்று அஞ்சுவோர்க்குத் தானியேலைக் காட்டலாம். அவர் பாபிலோன் அரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அந்நாட்டின் கணக்கையும் காவலையும் நேர்மையாகப் பார்த்தவர். குற்றங்காணத் தேடிய பொறாமைக்காரரும் அவர் அலுவலில் ஒரு குறை காணமாட்டாது திகைத்தனர். அத்தகையவர் தம் மேலறையின் சன்னல்களை எருசலேமுக்கு நேராகத் திறந்துவைத்து, நாளுக்கு மூன்று வேளை மண்டியிட்டு ஜெபித்தார். சன்னல் பிறந்த நாட்டை நோக்கியது. வாசற்கதவோ அவர் பணிபுரிந்த நகரை நோக்கித் திறந்தது. நம் வீட்டுக்கும் இரண்டும் தேவை.

2005 ஜூலை 26ஆம் நாளை நம்மில் பெரும்பாலோர் மறந்திருக்க மாட்டோம். அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. வண்டிகள் நின்றன; தாழ்ந்த தெருக்களெல்லாம் வெள்ளக்காடாயின. இலட்சக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் நடந்தனர். முன்பின் அறியாதவர்க்குக் கதவு திறந்து, தேநீரும் உலர்ந்த உடையும் கொடுத்த வீடுகள் அவ்விரவில் கணக்கற்றவை. யாருடைய ஊர் எது என்று எவரும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் நாம் மீண்டும் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒரு நாள் மழையில் செய்தவற்றை வெயில் நாட்களிலும் செய்யுமாறே அக்கடிதம் கேட்கின்றது.

ஆதலின் அன்பர்களே, சுவரிலுள்ள வாக்குத்தத்த அட்டையை எடுத்துவிட வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே, பிள்ளைகளின் கையாலேயே, அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தையும் எழுதி ஒட்டுங்கள். மேலே உள்ளது ஆண்டவர் நமக்குச் செய்வது. கீழே உள்ளது நாம் செய்யுமாறு அவர் கேட்பது. எழுதி முடித்த பிள்ளை, "அப்பா, எந்தப் பட்டணம்?" என்று கேட்கும். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இந்தப் பட்டணம் என்று தயங்காமல் கூறுங்கள்.